இரண்டு விரல் அக்கா

டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டிலும் நான் முதல் வகுப்பு. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் பின்னால் வரப்போகும் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணமே இல்லாததுபோல் தெரியும். கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பேன். பேசிக்கொண்டே அடிப்பேன். ஜன்னல் வழியாக அரூர் பஸ் ஸ்டாண்டுக்குள் எந்த வண்டி திரும்புகிறது என்று பார்த்தபடியே ஒரு பக்கத்தை முடித்து, பிழையில்லாமல் நீட்டுவேன்.

அரூரில் விவசாயிகள் பங்கு போட்டு நடத்தும் ஒரு கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கீழே விதை மூட்டை அடுக்கும் குடோன், மேலே ஓர் அறை. அறையில் மேனேஜர், நான், ஒரு மின்விசிறி. தினமும் கம்பைநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவேன். ஆறு வருடமாக அந்த அறையில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கரண்ட் போனால்கூட மேனேஜர் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

களத்துக்குப் போகும் ஆட்கள் ஊர் ஊராக அலைந்து நீள நோட்டில் விவசாயிகளின் பட்டியலை எழுதிக்கொண்டு வருவார்கள். அதை எக்ஸெல்லில் ஏற்றுவது என் வேலை. பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், போன், ஊர், கடைசியில் நீர். போன் இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையாவது வாங்கி எழுதிவிடுவார்கள், அதனால் அந்த இடம் காலியாக இருக்காது. ஊர் மட்டும் அப்படியில்லை. முதல் ஆளுக்கு எதிரே சித்தேரி என்று எழுதினால், அடுத்த ஊர் வரும்வரை கீழே ஒன்றும் எழுத மாட்டார்கள். காலி என்றால் மேலே இருக்கும் அதே ஊர் என்று அர்த்தம். நீர் என்ற இடத்தில் கிணறு இருந்தால் கிணறு என்றும், போர்வெல் இருந்தால் போர் என்றும் எழுதுவார்கள். அங்கே காலி என்றால் ஒன்றும் கிடையாது, வானம் பார்த்த நிலம் என்று அர்த்தம். ஒரே நோட்டில், ஒரே வரிசையில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காலிகள். இரண்டுக்கும் வேறு வேறு பொருள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் யாருக்கும் சொன்னதில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான் எழுதுவார்கள், நாங்கள் அப்படித்தான் படிப்போம்.

ஆகவே ஊர் பெயரை வரிக்கு வரி நான் அடிப்பேன். சித்தேரி, சித்தேரி, சித்தேரி என்று நூறு முறை அடித்தாலும் கை வலிக்காது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மேனேஜர், "மெஷின் ஓடுதுப்பா" என்பார். வெளியாட்கள் வந்தாலும் என்னைக் காட்டி அதையேதான் சொல்வார். எனக்கு அது பட்டம்போல இருந்தது.

அப்போதுதான் அக்கா வந்தார்.

அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். தீர்த்தமலைப் பக்கம் சொந்த ஊர். கல்யாணமான நாளிலிருந்து பெங்களூரில் இருந்தவர். அங்கே ஏதோ ஓர் அலுவலகத்தில் இருபது வருடம் வேலை பார்த்திருக்கிறார். கணவருக்கு ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டதால், வாடகை கட்டி அங்கே இருக்க முடியாமல் ஊருக்கே வந்துவிட்டார்கள். மானாவாரி விவசாயிகளுக்கு சாமை விதை கொடுக்கும் திட்டம் ஒன்று எங்கள் கம்பெனிக்கு வந்தது. வேலை கூடியதால் மேனேஜர் அக்காவைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்த அன்றே எங்கள் இருவரையும் முன்னால் நிறுத்தி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "திட்டம் முடியற வரைக்கும் ரெண்டு பேரு. அப்பறம் ஒரு சீட்டுதான். வேலையப் பாத்து ஒருத்தர வெச்சுக்குவேன். பின்னாடி என்னை யாரும் குத்தம் சொல்லக்கூடாது, ஆமா."

எனக்கு அன்றைக்கு ஒரு கவலையும் இல்லை. ஏனென்றால் அக்கா அடிப்பதைப் பார்த்துவிட்டேன். ஆள்காட்டி விரல் இரண்டு. அவ்வளவுதான். ஓர் எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, குத்தி, அடுத்ததைத் தேடுவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வாயைக் குவித்துக்கொண்டு தேடுவார். மதியச் சாப்பாட்டுக்குள் நான் இருநூறு வரி முடித்திருந்தேன், அவர் எழுபதில் இருந்தார். "மெதுவா அடிங்க அக்கா, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். அதைச் சொல்வதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் என் சந்தோஷம் போய்விட்டது. எழுபதோ நூறோ, அக்கா பெயரையும் மற்றதையும்தான் வரிக்கு வரி அடித்திருந்தார். ஊர் இருக்கும் இடத்தில் நோட்டில் இருப்பதுபோலவே முதல் வரியில் மட்டும் ஊர் பெயரை அடித்துவிட்டு, கீழே காலியாக விட்டிருந்தார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பிறகு அவர் மௌஸைத் தொடாமலே என்னவோ செய்தார். மேல் வரிசையில் ஒரு விசை, ஒரு சின்னப் பெட்டி வந்து போனது, நாலைந்து தட்டு, கடைசியில் கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து ஒரு அழுத்து. காலியாக இருந்த கட்டங்கள் எல்லாம் ஒரே நொடியில் நிரம்பின. இண்டூர் முடியும் இடத்தில் இண்டூர் நின்றது, அடுத்த ஊர் தொடங்கும் இடத்தில் அடுத்த ஊர் தொடங்கியது. ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை.

"ஆய்த்து" என்றார் அக்கா. முடிந்தது என்பதற்குக் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள்.

மேனேஜர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "இன்னொருக்கா பண்ணிக் காட்டுங்க" என்றார். அக்கா அழித்துவிட்டு மறுபடி நிரப்பிக் காட்டினார். மேனேஜர் குழந்தை மாதிரி சிரித்தார். ஆறு வருடத்தில் நான் அடித்த எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. பத்து விரலில் அடிக்கும் எனக்கு இல்லாத சிரிப்பு, இரண்டு விரலில் குத்துகிறவருக்கு.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்தில்கூட அந்த "ஆய்த்து" கேட்டது. அக்கா ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்றை எடுத்துவிட்டார். கன்ட்ரோலும் டி-யும் அழுத்தினால் மேலே இருப்பது கீழே இறங்கியது. கன்ட்ரோலும் செமிகோலனும் அழுத்தினால் அன்றைய தேதி வந்து உட்கார்ந்தது. எனக்குத் தெரிந்த ஒரே குறுக்குவழி கன்ட்ரோல் எஸ். அதுவும் எப்போது கரண்ட் போகுமோ என்ற பயத்தில் வந்த பழக்கம். பத்து வரிக்கு ஒருமுறை கை தானாக அழுத்திவிடும்.

பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. அக்கா கொண்டுவரும் கத்தரிக்காய்க் குழம்பு மணத்தால்கூட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய கண்ணாடிக்கூடு, அவர் தண்ணீர் பாட்டிலை வைக்கும் இடம், மேனேஜர் அவரை மட்டும் "அம்மா" என்று கூப்பிடுவது, எல்லாமே கண்ணை உறுத்தின. கணவரைப் பார்த்துக்கொள்ளும் கஷ்டத்தை அவர் சொல்லும்போது நான் உச்சுக் கொட்டுவேன். கொட்டிக்கொண்டே, இதைச் சொல்லித்தான் சீட்டை வாங்கப்போகிறாரோ என்று யோசிப்பேன். இவ்வளவு கேவலமாக யோசிப்பேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"சொல்லித் தரட்டா கண்ணு? ரொம்ப ஈஸிதான்" என்று அக்கா இரண்டு முறை கேட்டார்.

"இல்லீங்க அக்கா, எனக்கு அடிச்சாத்தான் திருப்தி" என்றேன் இரண்டு முறையும்.

ஆனால் திருட்டுத்தனமாகப் பார்க்க ஆரம்பித்தேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்துபோய் அவர் பின்னால் நிற்பேன். ஜன்னல் கதவைச் சாத்தப் போவதுபோல் நிற்பேன். அவர் விரல் எங்கெங்கே போகிறது என்று பார்த்துவந்து, கைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்வேன். எஃப் ஐந்து. ஆல்ட் எஸ். கே. என்டர். சமம். மேல் அம்பு. கன்ட்ரோல் என்டர். நாலு டிக்கெட் சேர்ந்ததும் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். விரலையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்று தோன்றவில்லை. எஃப் ஐந்தைத் தொடுவதற்கு முன்னால் அக்கா திரையில் எதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார் என்பதை நான் பார்க்கவே இல்லை.

விதை கொடுப்பதற்கு நாலு நாள் இருக்கும்போது, அக்கா மூன்று மணிக்கு பர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினார். கணவரை தர்மபுரியில் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். மேனேஜர் கீழே குடோனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். என் பங்குப் பட்டியலில் ஊர் இடத்தில் காலிக் கட்டம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும்தான் அடித்துத் தொலைத்திருந்தேனே, பழக எங்கே போவது? அக்காவின் சித்தேரிப் பட்டியல் பொது ஃபோல்டரில் இருந்தது. பெயர், போன், நீர் எல்லாம் அடித்தாகிவிட்டது. ஊர் மட்டும் நிரப்பாமல் இருந்தது. திறந்தேன். ஒருமுறை செய்து பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்றுதான் திறந்தேன், சத்தியமாக.

முதலில் கன்ட்ரோல் ஏ அழுத்தினேன். எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க அதுதான் என்று எங்கோ கேட்டிருந்தேன். பிறகு டிக்கெட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக. கடைசியில் கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தினேன். நிரம்பியது. மேலிருந்து கீழ்வரை சித்தேரி, பிறகு அடுத்த மலையூர், பிறகு அதற்கடுத்தது. என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"ஆய்த்து" என்றேன். வாய்விட்டே சொன்னேன். யாரும் இல்லாத அறையில்.

அந்தக் குஷியில் என் இடது கை, ஆறு வருடப் பழக்கத்தில், கன்ட்ரோல் எஸ்-ஐயும் அழுத்திவிட்டது. போகட்டும், அக்காவுக்கு ஒரு வேலை மிச்சம் என்று ஃபைலை மூடிவிட்டேன். ஊர் இருந்த இடத்தைத்தான் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில், நீர் இருந்த இடத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா அடுத்த மூன்று நாளும் வரவில்லை. கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மேனேஜர் பட்டியலைத் திறந்து பார்த்தார், எல்லாம் நிரம்பியிருந்தது, அம்மா முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். எல்லா ஊர்ப் பட்டியலையும் சேர்த்து, நீர் இருக்கிறவர்களை ஒதுக்கிவிட்டு மிச்சப் பேரை அச்செடுத்தார். நான் அப்போது பக்கத்தில் நின்று தாள் எடுத்துக் கொடுத்தேன்.

விதை கொடுக்கும் நாள் காலையில் குடோன் வாசலில் கூட்டம். சித்தேரி மலையிலிருந்து காலைப் பஸ்ஸில் நாற்பது ஐம்பது பேர் இறங்கி வந்திருந்தார்கள். எல்லோர் கக்கத்திலும் மடித்த சாக்கு. மேனேஜர் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார். மற்ற ஊர்க்காரர்கள் வாங்கினார்கள். மலை ஊர்களில் ஒரு பெயர்கூடக் கூப்பிடவில்லை.

"உங்களுக்கெல்லாம் போர் இருக்குதுன்னு எழுதியிருக்குதே. இது தண்ணி இல்லாதவங்களுக்கு வந்த விதைங்க" என்றார் மேனேஜர்.

முன்னால் நின்ற ஓர் அம்மா சாக்கைக் கீழே போட்டார். "போரு இருந்தா நாங்க ஏங்க இந்த சாமைக்கு விடியாலயே எந்திரிச்சு வந்து நிக்கிறோம்? எங்க ஊருல ஒரே ஒருத்தரு வூட்டுலதான் போரு. அவரு பேரு மொதல்ல இருக்கும், பாருங்க."

ஒருத்தர் வீட்டில் போர். அவருக்குக் கீழே எல்லாம் காலி. கன்ட்ரோல் ஏ. அந்த ஒரு போரை நான் ஊர் முழுக்க இறக்கிவிட்டிருக்கிறேன்.

அக்கா அன்றைக்கு வந்திருந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் தூங்கிய முகம். மேனேஜர் அத்தனை பேர் முன்னால் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? ஷார்ட்கட்டு ஷார்ட்கட்டுன்னு அத்தன பேரு பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே. இந்த ஈரத்துல வெதைக்கலன்னா அவங்களுக்கு இந்த வருசமே போச்சு, தெரியுமா?"

"சார், சித்தேரி லிஸ்டுல ஊரே நான் இன்னும் நெரப்பலீங்க. பேர அடிச்சு வெச்சுட்டு அப்படியே போனனுங்க."

"நெரம்பியிருக்குதே! தானா நெரம்புச்சா?"

மேனேஜர் திட்டிக்கொண்டே போனார். பெங்களூர், கவனம், வயசு என்று என்னென்னவோ சொன்னார். இனி சீட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்றும் சொன்னார். எனக்குப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், சீட்டு எனக்குத்தான். என் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் மேனேஜர் அதைச் சொன்னார்.

"நீங்க இல்லன்னா வேற யாரு? அந்த வித்தை இந்த ஆபீஸ்ல வேற யாருக்குத் தெரியும்? இந்தப் பொண்ணுக்கா? அதுக்கு அடிக்கத்தான் தெரியும்."

என் காது சூடாகிவிட்டது. ஒரு தப்பைக்கூட எனக்குத் தர மாட்டேன் என்கிறாரே. நாலு பஸ் டிக்கெட் முழுக்க எழுதி, தண்ணீர் குடிக்காமலே தண்ணீர் குடிக்க எழுந்து, ஒளிந்து ஒளிந்து நான் கற்றுக்கொண்டது, அதையும் அக்காவின் கணக்கிலேயே எழுதுகிறாரே.

"எனக்கும் தெரியும் சார்" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. "நான்தான் போட்டேன்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் முதலில் நம்பவில்லை. எஃப் ஐந்திலிருந்து கன்ட்ரோல் என்டர் வரை மூச்சுவிடாமல் சொன்னேன். கன்ட்ரோல் ஏ அழுத்தியதையும் சொன்னேன். சொல்லும்போது, கேவலம், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு பேச்சுக்கு நேரமில்லை. மாடிக்கு ஓடினோம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, நீர் இருந்த இடத்தில் இருந்த அத்தனையையும் ஒரே அழுத்தில் அழித்தார். நான் நீள நோட்டை எடுத்து வரிவரியாகப் படித்தேன். போர், இல்லை, இல்லை, இல்லை, இல்லை. இருக்கிற வரிகளை மட்டும் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மௌஸால் தொட்டுக்கொண்டே வந்தார். அவர் மௌஸைத் தொட்டு அன்றைக்குத்தான் பார்க்கிறேன். கடைசியில் போர் என்று ஒருமுறை இரண்டு விரலால் குத்தி, கன்ட்ரோல் என்டர். தொட்டு வைத்த வரிகளில் மட்டும் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு அக்கா ஆய்த்து என்று சொல்லவில்லை. புதுத் தாள் கீழே போனது. மலைக்காரர்கள் எல்லோரும் சாக்கைப் பிடித்து விதை வாங்கிக்கொண்டு மூன்று மணிப் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள்.

திட்டம் முடிந்த மாதம் மேனேஜர் எங்கள் இருவரையும் மறுபடி முன்னால் நிறுத்தினார்.

"ஷார்ட்கட்ட யாரு வேணா கத்துக்கலாம். அத்தன பேரு முன்னாடி நான்தான் பண்ணேன்னு சொல்ற மனசு யாருக்கு வரும்?" என்றார். சீட்டு எனக்கு என்றார். அக்காவிடம், தப்பா நினைச்சுக்காதீங்கம்மா என்றார். அது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். மேனேஜர் நினைக்கும் மனசு எனக்கு இல்லை என்றும் தெரியும். இருந்தும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. அங்கேதான் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கும் வெளியாட்கள் வந்தால் மேனேஜர் என்னைக் காட்டி அந்தக் கதையைச் சொல்கிறார். நான் குனிந்துகொள்கிறேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அக்காவுக்கு இப்போது தர்மபுரியில் வேலை. ஒரே மேசையில் இரண்டு திரையாம். கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் தீர்த்தமலை பஸ் வரும்வரை அக்காவோடு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "அன்னிக்கே அத்தன பேரு முன்னாடி உண்மையச் சொல்லிட்டனுங்க அக்கா. அந்த ஒண்ணுலதான் எனக்கு ஆறுதல்" என்றேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். குரலில் கோபம் இல்லை.

"அவரு என்னைய அவ்வளவு நேரம் திட்டுனாரில்ல கண்ணு, அப்ப நீ செருப்பப் பாத்துட்டு நின்ன. எனக்கு மட்டுந்தான் தெரியும்னாரு பாரு, அப்பத்தான் நிமிந்த. நான் உன்னத்தான் பாத்துட்டே இருந்தேன்."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வழக்கம்போலக் கையசைத்துவிட்டுப் போனார். நானும் கையசைத்தேன். மாதக்கணக்கில் அவர் பின்னால் நின்று விரல்களையே பார்த்தும் எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அவருக்கோ ஒரே ஒரு தடவை பார்த்தது போதுமாயிருக்கிறது. அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.